ஓடும் வண்டிக்கு எது அக்னி மூலை?

1. ஓனர் எங்க?

என் கடைக்குள் வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள். பிறகு என் தலைக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். "ஓனர் இல்லீங்களா?" என்பார்கள். "இருக்காங்க, சொல்லுங்க" என்பேன். இன்னும் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என்னிடமே சொல்வார்கள்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கீழ்பென்னாத்தூர்தான் எனக்குச் சொந்த ஊர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரு சர்வீஸ் சென்டரில் குப்பை கொட்டிவிட்டு, பிறகு தனியாக வந்தவள். ரமணாசிரமம் பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களின் வேன்களில் ரிப்பேர் பார்த்துப் பார்த்துத்தான் மோட்டார்ஹோம் வேலை எனக்குப் பழகியது. இப்போது நம் ஆட்களும் வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "அக்கா, இன்வெர்ட்டரை வண்டியில எங்க வைக்கிறது?" என்பதுதான். அதற்கு என்னிடம் ஒரே ஒரு வண்டியின் கதைதான் பதிலாக இருக்கிறது.

சரோஜா டீச்சர் கடைக்கு வந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. நேராக, "நீதான் விஜயாவா?" என்றார். ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியை. குரலைக் கேட்டதும் நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"வீட்டு இன்வெர்ட்டரா டீச்சர்?"

"வீடுதான். நாலு சக்கரம் இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்" என்றார்.

2. சார் குறித்துக் கொடுத்த இடம்

டீச்சர் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்தவர். மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு வெறுங்காலோடு கிரிவலம் போன மனிதர். நுரையீரல் கெட்டுப்போய் மூன்று வருஷமாக வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பகலில் பெரும்பாலும் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றியிருக்கிற காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியே மூக்குக்கு அனுப்புகிற மெஷின் அது. கரண்ட் போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் சாருக்கு மூச்சு வாங்கும்.

"கால் போவலன்னா சக்கரம் போவட்டும்" என்று டீச்சர் முடிவெடுத்தார். அறுபத்து நாலு வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, ஒரு வேனை வாங்கி, பாடி கட்டுகிறவரிடம் கொடுத்து உள்ளே கட்டில், சோபா, சிங்க் எல்லாம் போட்டுவிட்டார். எல்லாம் தயார். ஆனால் மெஷினை ஆன் செய்தால் இரண்டு நிமிஷத்தில் இன்வெர்ட்டர் கத்திவிட்டு ஆஃப் ஆகிறது.

போய்ப் பார்த்தேன். இரண்டு ட்யூபுலர் பேட்டரியும் புதுசு. மீட்டரை வைத்தால் பேட்டரியில் 12.6 வோல்ட். இன்வெர்ட்டர் முனையில் வைத்தால், லோடு ஏறியதும் 10.4. நடுவில் இரண்டு வோல்ட் எங்கே போனது? வயரில் போனது. பேட்டரி வண்டியின் பின்பக்கம், இடது மூலையில். இன்வெர்ட்டர் வண்டியின் முன்பக்கம், வலது மூலையில், டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால். நடுவில் பதினெட்டு அடிக்கு மெல்லிசு வயர். பன்னிரண்டு வோல்ட்டில் கரண்ட் ஜாஸ்தியாக ஓடும். அதனால் வயர் நீளமாக நீளமாக வோல்ட் கம்மியாகும். பேட்டரி நிறைய இருந்தும், பேட்டரி காலி என்று இன்வெர்ட்டர் நினைத்துக்கொள்கிறது.

"இன்வெர்ட்டரை யார் இங்க வச்சது?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"நான்தான்" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். சார்.

வண்டியை வீட்டு வாசலில் கிழக்கு பார்த்து நிறுத்தி, காம்பஸை வெளியே தரையில் வைத்து, தென்கிழக்கு எது என்று சார் கணக்குப் போட்டிருக்கிறார். நெருப்பு, கரண்ட் எதுவானாலும் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாஸ்து. கிழக்கு பார்த்து நிற்கிற வண்டிக்கு டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் அக்னி மூலை. பாடி கட்டினவரும் மறுபேச்சு பேசாமல் அங்கேயே நாலு போல்ட்டை முறுக்கிவிட்டார்.

"சார், இது பேட்டரி பக்கத்துல இருந்தாதான் சரியா ஓடும்."

"ஏம்மா, முப்பத்தஞ்சு வருஷம் கவர்மென்ட் கட்டடம் கட்டியிருக்கேன். மூலை மாறி வச்ச ஒரு கட்டடமாவது உருப்பட்டிருக்கா? உன்னால அங்கயே ஓட வைக்க முடியுமா, முடியாதா? அத சொல்லு."

முடியுமா என்று கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "முடியும் சார்" என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

3. தடித்த கேபிள்

மெல்லிசு வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டை விரல் தடிமனில் கேபிள் இழுத்தேன். பேட்டரி ஓரமாகப் பெரிய ஃபியூஸ் ஒன்று போட்டேன். நீளமான கேபிளுக்கு ஃபியூஸ் இல்லாமல் விட்டால், எங்காவது தகரத்தில் உரசினால் வண்டியே பற்றிக்கொள்ளும். மறுபடி மெஷினை ஆன் செய்தேன். 12.1 வோல்ட் நின்றது. அரை மணி நேரம் ஓடியது. அலாரம் இல்லை.

சார் என்னைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு சிரித்தார். டீச்சர் காபி கொடுத்தார். நானும் குடித்தேன்.

அந்த இடத்தில் கையை வைத்தபோதே எனக்குத் தெரியும், என்ஜின் சூடு கேபினுக்குள் ஏறி அங்கேதான் வந்து நிற்கும் என்று. வாசலில் என்ஜின் ஓடாமல் செய்த டெஸ்ட் ஒரு டெஸ்டே இல்லை. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மறுபடி அக்னி மூலை பாடம் நடக்கும். முடியும் என்று சொன்னவள் முடியாது என்று நிற்கவும் வேண்டும். கௌரவம் பார்த்தேன்.

4. எம லிங்கம் தாண்டி

நாலு நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். "அவரைக் கிரிவலம் கூட்டிட்டுப் போறேன். நீயும் வந்துடு விஜயா, தைரியமா இருக்கும்."

பௌர்ணமி இல்லாத நாள், கூட்டம் கம்மி. காலை பத்து மணிக்குக் கிளம்பி, இந்திர லிங்கம், அக்னி லிங்கம் பார்த்து, செங்கம் ரோட்டில் ஆமை வேகத்தில் போனோம். வெயில் ஏறியது. நிறுத்தி நிறுத்திப் போனதில் என்ஜினும் கொதித்தது. எம லிங்கத்தைத் தாண்டி நூறு அடி போயிருப்போம். இன்வெர்ட்டர் ஒரே சீராகக் கத்த ஆரம்பித்து, செத்துப்போனது. டிஸ்ப்ளேயில் ஓவர் டெம்பரேச்சர். மெஷின் நின்றது.

டீச்சர் ஓரமாக நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அவசரத்துக்கு என்று வைத்திருந்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றி மாட்டினார். நான் இன்வெர்ட்டர் ஸ்விட்சை மறுபடி மறுபடி தட்டினேன். சாருடைய உதடு நிறம் மாறி மறுபடி பழைய நிறத்துக்கு வருகிற வரைக்கும் எனக்கு உயிர் இல்லை. போயும் போயும் எம லிங்கத்துக்குப் பக்கத்திலா நிற்க வேண்டும் என்று வேறு மனசு அடித்துக்கொண்டது.

மூச்சு சீரானதும் சார் மெதுவாகக் கேட்டார். "அக்னி மூலையிலதானே வச்சிருக்கு? அப்புறம் ஏம்மா நின்னுச்சு?"

பயம், அவமானம், கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது எனக்கு. "எந்த அக்னி மூலை சார்? மலை எந்தப் பக்கம் இருக்கு, சொல்லுங்க."

தகரப் பெட்டிக்குள் காம்பஸ் முள் ஒழுங்காக நிற்காது. இந்த ஊர்க்காரருக்குக் காம்பஸும் வேண்டாம். சார் ஜன்னல் வழியே பார்த்தார்.

"வலது பக்கம்."

"நாம மலைக்குத் தெற்கே நிக்கிறோம். அப்போ வலது பக்கம் எது?"

"வடக்கு."

"முன்னாடி?"

"மேற்கு." சொல்லிவிட்டு ஓவர்சீயர் ஒரு நொடி நிறுத்தினார். விரலால் காற்றில் ஒரு சதுரம் போட்டார். தலையைத் திருப்பி வண்டியின் பின்பக்கம், இடது மூலையைப் பார்த்தார். பேட்டரி இருக்கிற மூலை.

"தென்கிழக்கு இப்ப அங்க போயிடுச்சு" என்றார்.

"ஆமா சார். இன்னும் கொஞ்ச தூரம் போய் வடக்கே திரும்பினா அது பின்னாடி வலது மூலைக்குப் போகும். கிழக்கே திரும்பினா மறுபடி டிரைவர் சீட்டுக்கு வரும். மலையை ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள உங்க அக்னி மூலை வண்டியை ஒரு சுத்து சுத்திடும். அது பின்னாடியே இன்வெர்ட்டரைத் தூக்கிக்கிட்டு நான் ஓடட்டுமா?"

டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சார் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரித்தார்.

"அன்னிக்கே இத சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருக்கணும் சார். அங்க சூடு ஏறும்னும் தெரியும். உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல ரோஷம். மன்னிச்சிடுங்க."

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பிளான் போட்டு எடுத்துட்டு வா. நான் பாத்து கையெழுத்து போட்டாதான் வேலை" என்று மட்டும் சொன்னார். சிலிண்டர் தீர்வதற்குள் வண்டியைத் திருப்பினோம். பாதியில் திரும்பிய கிரிவலம்.

5. ஒவ்வொரு இடமாக

மறுநாள் காலையில் டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் தவழ்ந்தேன். சார் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் கேட்டார். கான்ட்ராக்டர்கள் அவரிடம் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று புரிந்தது.

சிங்க்குக்கு அடியில் நிறைய இடம் இருந்தது. "அங்க வையேன்" என்றார். ஒரு நாள் குழாய் கசிந்தால் போதும் என்றேன். துணி அலமாரியின் அடித்தட்டு? டீச்சர் நாலாவது நாளே அதன் மேல் போர்வையைத் திணிப்பார், காற்றுப் போகாது. "திணிக்கத்தான் செய்வேன்" என்று டீச்சரும் ஒப்புக்கொண்டார். பேட்டரி இருக்கிற பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் கேபிள் ஒரு அடிதான். ஆனால் ட்யூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வாயு விடும். இன்வெர்ட்டருக்குள் ஒரு சின்னப் பொறி தட்டினாலும் விபரீதம். பேட்டரி பெட்டிக்குத் தரை வழியாக வெளியே போகிற குழாய் இருந்தது, இருந்தாலும் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியில் இடது பக்க சோபாவின் கால்மாட்டில் நின்றேன். பேட்டரி பெட்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு பிளைவுட் சுவர். தண்ணீர் அந்தப் பக்கமே வராது. என்ஜின் சூடும் இல்லை. சாருடைய தலைமாட்டிலிருந்து தள்ளி இருப்பதால் ஃபேன் சத்தமும் காதில் விழாது. கேபிள் நாலு அடி.

பிளைவுட்டில் கேபிள் போகிற ஓட்டையைக் காற்றுப் புகாமல் அடைத்து, சோபாவின் பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி ஒரு ஜாலி வெட்டி, இன்வெர்ட்டரைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விடுவதாக வரைந்து நீட்டினேன். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். ஜாலியை இன்னும் இரண்டு அங்குலம் அகலமாக்கச் சொன்னார். அது சரியான திருத்தம், இன்றைக்கும் நான் அந்த அளவில்தான் வெட்டுகிறேன். பிறகு ஓரத்தில் கையெழுத்து போட்டார். ரிட்டயர் ஆன பிறகு அவர் போட்ட முதல் கையெழுத்து அதுவாகத்தான் இருக்கும். முகத்தில் அவ்வளவு பெருமை.

6. சட்னி டெஸ்ட்

இந்த முறை உச்சி வெயிலில், என்ஜினை ஓட விட்டு, இரண்டு மணி நேரம் டெஸ்ட். ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தார். இன்வெர்ட்டர் ஃபேன் கொஞ்சம் வேகம் எடுத்தது, அவ்வளவுதான். வோல்ட் அசையவில்லை. மேலே கையை வைத்தால் இளஞ்சூடு. ரெண்டாவது தடவை சட்னி அரைக்கச் சொன்னேன். அன்று எனக்கு இட்லியோடு ஒரு கிண்ணம் சட்னி கிடைத்தது.

அடுத்த வாரம் மறுபடி கிளம்பினோம். டீச்சர் ஓட்டினார். சார் வலது பக்க ஜன்னலோரம் மலையைப் பார்த்து உட்கார்ந்தார். நான் சோபாவில், இன்வெர்ட்டருக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டேன். டீச்சர் நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியில் மெஷினின் பச்சை லைட்டைப் பார்த்தார். "டீச்சர், லைட்டை நான் பாத்துக்கிறேன். நீங்க ரோட்டைப் பாருங்க, எதிர்ல ஆட்டோ வருது" என்று நானே அவருக்குப் பாடம் எடுத்தேன்.

எம லிங்கம் வந்தது. நான் ஜாலியில் கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான். எம லிங்கம் போனது. நிருதி, வருண, வாயு லிங்கம் என்று ஒவ்வொன்றாக வந்தன. சார் ஒவ்வொரு இடத்திலும் கையெடுத்துக் கும்பிட்டார். குபேர லிங்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெஷின் தன் பாட்டுக்குப் புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தத்தைவிட நல்ல சத்தம் அன்று வேறு எதுவும் இல்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அந்த வண்டியில் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். இடத்தைத் தேடுவதற்கு முன்னால், "இந்த வண்டியில எது நிக்கவே கூடாது?" என்று கேளுங்கள். ஃபிரிட்ஜ் என்று சொல்வார்கள், லேப்டாப் என்று சொல்வார்கள். சில வண்டியில் ஒரு மனிதருடைய மூச்சு இருக்கும். கேட்டுவிட்டால், தப்பான இடத்தைத் தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் தானாக வரும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நான் முதல் நாளே சொல்லியிருந்தால், சார் உதடு நீலமாகாமலே மலையைச் சுற்றியிருப்பார்.

ஈசானிய லிங்கமும் தாண்டி, ராஜகோபுரத்துக்கு எதிரே வந்துவிட்டோம். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. டீச்சர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்ப இண்டிகேட்டர் போட்டார்.

"டீச்சர்" என்றார் சார். மனைவியையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "நேராப் போ. இன்னொரு சுத்து."

டீச்சர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். நான் குனிந்து டிஸ்ப்ளேயைப் பார்த்தேன்.

"போங்க டீச்சர். ரெண்டு சுத்துக்கே சார்ஜ் இருக்கு."

அவர் இண்டிகேட்டரை ஆஃப் செய்தார்.