நேற்று முடிந்த ஆட்டம்

மண்டபத்து நாற்காலி உறைகளைத் தங்கைதான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் அக்கா மகளின் கல்யாணம். மண்டபத்துக்காரர்கள் துவைத்துச் சுருட்டி வைத்திருந்த மூட்டையைப் பார்த்ததுமே, "இதுல சம்பந்தி வீட்டுக்காரங்களை உக்கார வெச்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்று அதை அப்படியே தூக்கித் தன் வேனில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டு மேசை மேல் போர்வையை விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் கணவர் கைபேசியைப் பார்த்தபடி உள்ளே வந்தார்.

"நாளைக்கு உங்க பச்சை டீம்ல அந்தக் கோல்கீப்பர்..."

தங்கை இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள். "மாமா, பெட்டி நல்லா சூடா இருக்கு. மேற்கொண்டு பேசறீங்களா?"

மாமா வந்த வழியே திரும்பிப் போனார். மேசையின் மறுமுனையில் உறைகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் அடுத்த உறையை எடுத்தாள்.

தங்கை பள்ளி வேன் ஓட்டுகிறாள். குடும்பத்திலும் வேனிலும் அவளுக்குப் பெயர் கோச். ஆயுளில் ஒரு பந்தை அவள் உதைத்ததில்லை. வேனுக்கு அடியில் உருண்டுபோன பந்தைக்கூடக் குடைக் கம்பியால்தான் வெளியே தள்ளுவாள். ஆனால் பச்சைச் சட்டைக் கால்பந்து அணி ஆடிய ஒரு ஆட்டத்தையும் அவள் விட்டதில்லை. அந்த அணி பெரும்பாலும் தோற்கும். ஜெயிக்கிற அணியாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், "பெத்த பிள்ளையை மார்க்கு பாத்தா மாத்தறோம்?" என்பாள்.

இதெல்லாம் ஊரில் பத்துப் பேருக்கு இருக்கிற பைத்தியம்தான். இவள் விஷயம் வேறு. ஆட்டம் நடக்கிற நேரத்தில் இவளுக்கு எப்போதும் வண்டி இருக்கும். சனிக்கிழமை என்றால் நீச்சல் வகுப்புப் பிள்ளைகள், வார நாள் என்றால் மாலை டியூஷன். அதனால் ஆட்டத்தை வீட்டு டிவியில் பதிவு செய்துவிட்டுப் போவாள். வேலை முடித்துத் திரும்பி, கால் கழுவி, தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஆட்டம் தொடங்கும். அதுவரை உலகம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

உலகம் எங்கே மூடும்? இவள்தான் தன்னை மூடிக்கொள்வாள். வேனில் ரேடியோ கிடையாது. "ஸ்கோர் சொல்றவங்க இங்கயே இறங்கி நடந்து வரலாம்" என்பதால் விஷயம் தெரிந்த பிள்ளைகள் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். டிவி ஓடுகிற கடைகளைக் கடக்கும்போது வெயிலுக்கு மறைப்பதுபோல நெற்றியில் கை வைத்துக்கொள்வாள், மழை பெய்தாலும். தெருவில் ஆரவாரம் கேட்டால் காதில் விரல். கேட்காவிட்டாலும் விரல். "சத்தம் போடலைன்னா அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்குல்ல" என்பாள்.

அக்கா தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்காருகிறவள். தேதி முத்திரை விழுந்துவிட்டால் எந்தக் கொம்பனுக்காகவும் அதை மாற்றாதவள். "முடிஞ்சு போன மேட்சுக்கு எதுக்குடி இப்படி உயிரை விடற?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

"நான் பாக்காம அது எப்படிக்கா முடியும்?"



கல்யாணத் தேதியைக் குறித்தது மாப்பிள்ளை வீடு. கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம் அன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது. அதுவும் சாதாரண ஆட்டம் இல்லை. சமன் செய்தாலே போதும், பச்சை அணி பிழைக்கும். தோற்றால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். தங்கை வராமல் இருந்துவிடுவாளோ என்ற பயம் அக்காவுக்கு இல்லை. வந்துவிட்டு மனசை வேறெங்கோ வைத்துக்கொண்டு நிற்பாளே என்பதுதான் பயம். ஒரே மகள், ஒரே தங்கை. சொல்லியும் விட்டாள்: "ஒரு கால் மண்டபத்துல, ஒரு கால் மைதானத்துலன்னு நிக்கறதா இருந்தா நீ வரவே வேண்டாம்."

"ரெண்டு காலும் உனக்குத்தான். கண்ணையும் காதையும் மட்டும் நான் பாத்துக்கறேன்" என்றாள் தங்கை.

கல்யாணத்தன்று காலையில் மண்டப வாசலிலேயே கைபேசியை அக்காவின் கையில் திணித்தாள். "அணைச்சிட்டேன். நீயே வெச்சுக்கோ. நாளைக்குக் காலையில கொடுத்தா போதும். நடுவுல நான் கால்ல விழுந்தாலும் கொடுக்காத."

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ரயிலில் வந்தவர்களை இரண்டு நடையாக வேனில் ஏற்றி வந்தாள். மணப்பெண்ணின் உடுப்பில் ஓரம் பிரிந்தபோது தரையில் மண்டியிட்டு, வாயில் ஊசியைக் கடித்தபடி, "மூச்சை இழுக்காதடி, குத்திடும்" என்று தைத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா கோபித்துக்கொண்டு வாசல் வரை போனபோது, பின்னாலேயே போய், என்ன பேசினாளோ, இருவரும் கைகோத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கியபோது கூடத்தின் மூலையில் கைபேசியும் கையுமாகக் கூடியிருந்த வாலிபர்களிடம் போய் நின்றாள்.

"ராசாக்களா, பாருங்க, வேண்டாங்கல. ஆனா கோல் விழுந்தாலும் விழாட்டியும் மூஞ்சி ஒரே மாதிரி இருக்கணும். இருந்தா ஐஸ்கிரீம் ரெண்டு கப்பு."

அவர்களும் ஐஸ்கிரீமுக்காக மூஞ்சியைக் கல்லாக்கிக்கொண்டார்கள். பாவம், புகைப்படக்காரர்தான் அக்காவிடம் வந்து புலம்பினார்: "அம்மா, நான் கல்யாண போட்டோ எடுக்கறேனா, பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறேனா? ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்கறாங்க."

சாப்பாடு முடிகிற நேரத்தில் அக்காவின் கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்தது. சமையல்காரராக இருக்கும் என்று கையை விட்டு எடுத்தாள். எடுத்தது தங்கையின் கைபேசி. அவசரத்தில் அவள் அதை அணைக்கவில்லை, திரையை மட்டும்தான் இருட்டாக்கியிருக்கிறாள். வேனில் வருகிற ஏதோ ஒரு பிள்ளையின் அப்பா, அவள் வழக்கம் தெரியாதவர், ஆறுதல் அனுப்பியிருந்தார். 'ஒன்றுக்குப் பூஜ்யம். கீழே இறங்கிட்டோம் கோச். மனசு விடாதீங்க.'

படித்து முடித்த பிறகுதான் தான் படித்திருக்கக் கூடாது என்பது அக்காவுக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே தங்கை, காலி நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அணி இன்னும் தோற்கவில்லை. ஆட்டமே இன்னும் தொடங்கவில்லை.

அப்போதுதான் சம்பந்தியைக் கவனித்தாள். மாப்பிள்ளையின் அப்பா மருந்துக் கடை வைத்திருப்பவர்; எந்தச் செய்தியையும் ஆறவிடாமல் கொடுத்துவிடுவார். கைபேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, சூள் கொட்டியபடி நேராகத் தங்கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவள் சம்பந்திகள் முன்னால் ஓடலாமா என்றெல்லாம் அக்கா யோசிக்கவில்லை. புதுச் செருப்பு கடித்தது. ஓடினாள்.

"சம்பந்தி, உங்களைப் போட்டோவுக்குத் தேடறாங்க."

"இப்பத்தானேம்மா எடுத்தாங்க?"

"அதுல நீங்க கண்ணை மூடிட்டீங்களாம்."

"நானா? நான் கண்ணை மூடறவனே இல்லையே."

"மூடியிருக்கீங்க. நானே பாத்தேன். வாங்க."

புகைப்படக்காரருக்குக் கண்ணைக் காட்டி, சம்பந்தியைத் தனியாக, ஜோடியாக, உட்கார வைத்து, நிற்க வைத்து, சலிக்கிற வரைக்கும் எடுக்க வைத்தாள். பிறகு காதோடு விஷயத்தைச் சொன்னாள். அவர் தன் கைபேசியை ஒரு மாத்திரை அட்டையைப்போல மடித்துவிடலாமா என்று பார்த்தார், பிறகு பையில் போட்டுக்கொண்டார்.

பொழுது சாயும்வரை அக்கா அந்த ஒன்றுக்குப் பூஜ்யத்தைச் சுமந்துகொண்டே வந்தவர்களை வழியனுப்பினாள். மகள் கட்டிக்கொண்டு அழுதபோதும், மகளின் தோளுக்கு மேல் கண் தங்கையைத்தான் தேடியது: யாராவது பக்கத்தில் போகிறார்களா, யாராவது வாயைத் திறக்கிறார்களா. அரை நாளிலேயே தோள்பட்டை கனத்தது. இவள் வாரா வாரம் இதைச் செய்துகொண்டு, குழந்தைகளை ஏற்றி இறக்கி, சிவப்பு விளக்குக்கும் நிற்கிறாளே என்று நினைத்தபோது, கூடப் பிறந்தவளை யாரோ பெரிய மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கைபேசியைக் கொடுக்கத் தங்கை வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை அக்காவே அதை நிஜமாக அணைத்திருந்தாள். தங்கை அதை வாங்கித் திறக்காமலே அலமாரிக்குள் போட்டுவிட்டு, வெளுத்துப்போன பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். அக்காவுக்கும் ஒரு கோப்பை தேநீர் வந்தது.

"போகலையா? வீட்டுல எவ்வளவு வேலை கிடக்கும்."

"செருப்பு கடிச்ச இடம் வலிக்குது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

எதிரணி சீக்கிரமே ஒரு கோல் போட்டது. தங்கை அசரவில்லை. "போடட்டும். எவ்வளவு நேரம் இருக்கு" என்றாள். டிவிக்குள் இருக்கிறவர்களுக்கு வழி சொன்னாள், வேனில் கடைசி இருக்கைப் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில். "இடது பக்கம் ஆளே இல்லை பாரு. அங்க கொடு. கொடுடா. அட, உனக்கு அவன் என்னடா துரோகம் பண்ணினான்?" பந்து எதிரணி வலைப்பக்கம் போகும்போதெல்லாம் சோபாவின் நுனிக்கு வந்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. பதினோரு பேரும் நேற்றே குளித்து, துணி மாற்றி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த அறையில் மட்டும் அவள் அவர்களைப் போகவிடாமல் ஓட வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பந்து கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தபோது தன் கை சோபாவின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கண்டாள். உள்ளே போயிருக்குமோ என்று ஒரு கணம் அவளும் நினைத்திருந்தாள்.

முடிவதற்குச் சற்று முன்னால் எதிரணிக்காரன் ஒருவன் தன் கோலுக்கு முன்னால் இருக்கிற கட்டத்துக்குள் காலை நீட்டினான். பச்சைச் சட்டை ஒன்று விழுந்தது. நடுவர் விசிலை ஊதி, பெனால்டி என்று கையைக் காட்டினார்.

தங்கை எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு கையும் தலை மேல். பந்தை வைத்துவிட்டுப் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் பின்னால் நடந்துபோனான். அவள் டிவியைப் பார்க்க முடியாமல் அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, போட்டுருவான்ல?"

அக்காவின் தேநீர் இன்னும் பாதிகூடக் குறையவில்லை. அவள் இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.