நான் இல்லாத பதினொரு நாள்

"கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ, தங்கச்சி. வாயும் திறக்கக்கூடாது" என்று சொல்லி, முல்லைத்தீவு ஐஸ் தொழிற்சாலை முதலாளி என் முன்னால் பிளேன்ரீயை வைத்த காலைப்பொழுது அப்படியே நினைவில் இருக்கிறது. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறமாதிரி அவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். குளிர் அறைகளின் வெப்பத்தைக் கவனித்து இயந்திரங்களை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற நிரலை, அப்போதுதான் வெளிவந்திருந்த ஒரு கணினி மொழியில் எழுதி, கிளிநொச்சியிலிருந்து பெருமையோடு கொண்டுபோயிருந்தேன். அந்த மொழிமேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். "எல்லாம் தயார், நானா" என்று போனவுடனேயே சொல்லியிருந்தேன். அவரோ என்னோடு வந்திருந்த என் தொழில் கூட்டாளியைப் பார்த்தார். "மூண்டாவது அறை ஒண்டு கட்டியிருக்கிறன், பிள்ளை. அதையும் இதில சேர்த்துவிடுங்கோ. இவா உதவமாட்டா."

அவள் கெட்டிக்காரி. ஆனாலும் மதியம் வரை போராடியும் முடியவில்லை. இணையத்தில் அகப்பட்ட விடைகளெல்லாம் அந்த மொழியின் பழைய பதிப்புக்கானவை. புதிய பதிப்பில் ஒன்றுகூட ஓடவில்லை. எனக்கோ விடை நாக்கு நுனியில் நின்றது.

"நீங்கள் நாளைக்குக் கனடா போனா இதை ஆர் திருத்துறது?" என்று கேட்டார் நானா. "போட்காரர் ஐஸுக்கு வந்து நிண்டா நான் என்ன சொல்லுறது?" ஐஸ் இல்லையென்றால் அவர்கள் பிடிக்கும் மீன் கரைக்கு வருமுன்னே பழுதாகிவிடும். அங்கே முன்பிருந்தே வேறொரு மொழியில் ஓடிக்கொண்டிருந்த பழைய நிரலே ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றையும் விட்டு இடம்பெயர்ந்துபோய், வருடக்கணக்கின் பின் திரும்பி வந்த மனிதர், இன்றைக்கு இருப்பவர் நாளைக்கும் இருப்பார் என்று நம்பித் தொழில் நடத்தமாட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புதிய மொழி தொழிலுக்குத் தயாராக எத்தனை வருடம் செல்லும் என்று இளையவர்கள் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். பதிப்பு எண்ணைப் பார்க்காதீர்கள் என்பேன். எங்களுக்கு மூன்று வருடம் சென்றது. புதிய பதிப்பு வந்தாலும் எங்கள் நிரல் உடையாத காலம் வந்தது. நாங்கள் விடும் பிழைகளை எங்களுக்கு முன்பே யாரோ விட்டு, திருத்தி, எழுதியும் வைத்திருந்தார்கள். என் கூட்டாளி என்னைக் கேளாமலே மூன்றாவது அறையைச் சேர்த்தாள். அதன் பிறகுதான் நானா பழைய நிரலை நிறுத்தினார்.

சில மாதங்களில் அம்மாவுக்கு வவுனியாவில் சத்திரசிகிச்சை. பதினொரு நாள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தேன். கைபேசியைப் பார்க்கும் நினைப்பே வரவில்லை. அம்மா தேறி வீட்டுக்கு வந்ததும் பதறிக்கொண்டு முல்லைத்தீவுக்கு ஓடினேன். மூன்றாம் நாளே நிரல் நின்றுபோனதாம். என் கூட்டாளி முதல் பஸ்ஸில் வந்து, நான் விட்டிருந்த பிழையைக் கண்டுபிடித்து, ஐஸ் உருகுவதற்குள் திருத்திவிட்டாளாம்.

"ஏன் நானா எனக்கொரு போன் கோல் எடுக்கேல்ல?"

"என்னத்துக்கு, தங்கச்சி? உங்களை ஒருத்தரும் தேடேல்லையே."

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டை நான் இன்னும் வாங்கவில்லை.