மீனில்லாத தொட்டிக்கு ஐந்து சொட்டு

காலை ஆறு மணிக்கு ஐயாசாமி சோதனைக்குழாயில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அதில் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த மருந்தை விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். மஞ்சள் தட்டினால் தண்ணீரில் விஷம். காலண்டரில் ஒரு கோடு கிழித்துவிட்டு, மூக்கைத் திருப்பிக்கொண்டு தொட்டிக்குள் ஐந்து சொட்டு அம்மோனியா விடுவார். ஆறாவது விழப் பார்த்தால் சொட்டுக்குழாயை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். தொட்டியில் மணல் உண்டு, வாய்க்காலில் அள்ளிவந்த வேலம்பாசி உண்டு, தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்ச் உண்டு, குமிழி விடும் மோட்டார் உண்டு. மீன் மட்டும் கிடையாது.

பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருஷமாக வேதியியல் ஆய்வக அட்டெண்டர். சட்டையெல்லாம் அமிலம் தின்ற ஓட்டை. எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். மாமியார் வீட்டு விருந்தில் ரசத்தை முகர்ந்து வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷன்.

பக்கத்து வீட்டு வேலுமணிக்கு இந்தத் தொட்டி நல்ல வேடிக்கை. “ஏனுங்க, மீனே இல்லாம ஆருக்குங்க தீனி?”

“உள்ள ஆளுக இருக்குதுங்க. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதானுங்க.”

அவர் சொல்வது கிருமிகளை. மீன் கழிவில் உண்டாகும் விஷத்தைத் தின்கிற நல்ல கிருமிகள். புதுத் தொட்டியில் அவை இருக்காது, பெருக ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை அம்மோனியாதான் அவற்றுக்குச் சோறு என்று கல்லூரியில் விலங்கியல் மேடம் சொல்லிக்கொடுத்தார். ஸ்பாஞ்சில் பழுப்பாகப் படியும் வழுவழுப்பில்தான் அவை குடியிருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஆறு தங்கமீன்கள் செத்திருந்தன.

அந்த ஆறும் மகள் பிரவீனா கேட்டு வாங்கியவை. தாராபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஒன்பதாம் நாள் அவள் குழந்தை போய்விட்டது. “தொட்டது எதுவும் வெளங்காத கை” என்றாள் மாமியார்க்காரி. அந்த நாக்கு அழுகிப் போக! அந்தச் சொல்லோடு பிறந்த வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தவள், வாய் திறந்து கேட்டது மீன் ஒன்றைத்தான். நான்காம் நாள் ஆறும் மிதந்தன. “என்ற கை அப்படித்தானுங்கப்பா” என்றாள். மஞ்சள் குழாயைக் காட்டி, தண்ணீரில்தான் குற்றம் என்று ஐயாசாமி படித்துப் படித்துச் சொன்னார். அவள் நம்பவில்லை. சோற்றைப் பிசைவது தவிர அந்தக் கைக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. அதனால்தான் இனி வாங்கும் மீனில் ஒன்றுகூடச் சாகக்கூடாது என்று மனுஷன் இப்படி நாள் எண்ணுகிறார்.

முப்பத்தெட்டாம் நாள் குழாயில் மஞ்சள் இல்லை. “பொங்கல் நோம்பிக்கு மீன் வாங்கிப்போடலாம் புள்ளே” என்று மனைவி முத்தாத்தாளிடம் சொல்லிவிட்டு, சைக்கிளில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

தொட்டியை யாரும் தொடக்கூடாது என்று முத்தாத்தாளிடம் சொல்லியிருந்தார். வேலுமணியிடம் சொல்லியிருந்தார். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. எதையுமே தொடாதவளிடம் என்னவென்று சொல்வது?

சாயங்காலம் வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. நோம்பிக்கு வீடு கழுவியிருந்தார்கள். பிரவீனா சேலையைத் தூக்கிச் செருகியபடி, சிவந்துபோன கைகளோடு தொட்டியருகில் நின்றாள். மணல், பாசி, ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் பவுடர் போட்டு அலசி, குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரைப் புதிதாக நிரப்பியிருந்தாள். ஸ்பாஞ்ச் கடையில் வாங்கிய அன்றைய வெள்ளையில் இருந்தது. அடுப்படியில் நின்ற முத்தாத்தாள், ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் தலையாட்டினாள்.

“ஸ்பாஞ்செல்லாம் ஒரே அழுக்குங்கப்பா. செரியாக் கழுவிப்போட்டனுங்களா?”

ஐயாசாமி அந்த வெள்ளை ஸ்பாஞ்சைப் பார்த்தார். முப்பத்தெட்டு நாள் சோறு போட்டு வளர்த்த கிருமியெல்லாம் சாக்கடையோடு போய்விட்டதே!

“கண்ணாடி இருக்கறதே தெரியல கண்ணு” என்றார். அன்றே மறுபடி ஐந்து சொட்டு விட்டார்.

பொங்கலன்று காலை குழாய் மஞ்சளாகவே நின்றது. பின்னால் பிரவீனா வந்தாள், தலைக்குக் குளித்து. “இன்னைக்கு மீன் வாங்கப் போலாமுங்களாப்பா?”

“குளுருல மீனு தாங்காது கண்ணு. மாசி போகட்டும்.”

அவள் முகம் சுருங்கியது.

“அதுவரைக்கும் சொட்டு நீ உடு அம்மணி. அஞ்சே அஞ்சு” என்று, மஞ்சள் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறுகையால் சொட்டுக்குழாயை மகளிடம் நீட்டினார்.