ஜலால் பாயின் சத்தம் வராத கேமரா

"டிக்" என்று நாக்கைத் தட்டிவிட்டு, "ஆச்சு, கலையலாம்" என்கிறார் ஜலால் பாய். அதன் பிறகுதான் சேலையூர் கல்யாண வீட்டார் மூச்சு விடுகிறார்கள். அவருடைய ஜப்பான் கேமராவில் பொத்தானை அழுத்தினால் சத்தமே கேட்காது. "எடுக்காமலே ஏமாத்துறியா?" என்று கேட்டவர்களுக்காக வந்த பழக்கம் இது.

கப்பலில் வேலை பார்த்த மாமா கொடுத்த கேமரா. அதன் பெயரைத் தாம்பரத்தில் எந்தக் கடைக்காரரும் கேள்விப்பட்டதில்லை. பழுது பார்க்கப் போன இடத்தில், "இது கேமராவா, டிரான்சிஸ்டரா?" என்றார்களாம். வாரநாளில் பல்லாவரத்தில் தோல் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். "நல்ல போட்டோகிராபர் யாரும் கெடைக்கலன்னாதான் சார் என் நெனப்பு வரும்" என்று அவரே சிரிப்பார்.

எண்பத்தேழு வைகாசியில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் கங்கையம்மாளின் மகள் தனத்துக்குக் கல்யாணம். தாலி கட்டும்போதும் பந்தியிலும் பாய் ஓடி ஓடி எடுத்தார். கழுவக் கொடுத்த கடையில் வெறும் பிலிமை நீட்டினார்கள். ரோல் சரியாக மாட்டாமல், நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது.

"நாக்கத் தட்டினது மட்டும்தான் சார் நல்லா வந்துது!" என்று பாயே பிறகு என்னிடம் சொன்னார்.

கழுவின கடைமேல் பழியைப் போடச் சொன்னவர்கள் உண்டு. பாய் நேரே கங்கையம்மாளிடம் போனார்.

"இன்னா பாய், ஆல்பம் எங்க?"

"படமே வுழலம்மா. கடைக்காரன் தப்பில்ல. நான்தான் ரோல ஒழுங்கா மாட்டல."

அந்த அம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரே பொண்ணுய்யா! இன்னொரு தபா தாலி கட்டச் சொல்றியா?"

உள்ளேயிருந்து தனம்தான் வந்தாள். "அதே புடவ கீது, அதே ஆளு கீறாரு. இன்னொரு தபா நின்னா போச்சு, வுடும்மா."

அடுத்த ஞாயிறு முகூர்த்தப் புடவையும் புது மாலையுமாக இருவரும் வாசலில் நின்றார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. பாய் கேமராவைத் தூக்கியபோது கங்கையம்மாள் குறுக்கே வந்தார்.

"மொதல்ல தொறந்து காட்டு. ரோல் மாட்டிக்கீதான்னு என் கண்ணால பாக்கணும்."

திறந்தால் வெளிச்சம் பட்டு பிலிம் வீணாகிவிடும் என்று சொல்ல மாப்பிள்ளை வாயெடுத்தார். "போனா ஒரு ரோல்தானே, போவட்டும்" என்று பாய் அவரைக் கையமர்த்தினார். நல்ல வெயிலில் கேமராவின் பின்பக்கத்தை அகலத் திறந்து, அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினார்.