சாப்பாட்டுக்கு நாற்பத்தைந்து நிமிடம்

நான் சமையல்காரன். குபெர்டினோ பக்கம் ஒரு ஓட்டலில் பதினாறு வருடமாக வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றது. ஓட்டலுக்குத் திங்கட்கிழமை லீவு. அதனால் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் திங்கட்கிழமைதான் நடக்கும்.

மகள் காலேஜ் படிக்க நியூஜெர்சி கிளம்ப வேண்டிய கோடை அது. போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டாள். ஸ்டேட் பார்க்கில் இருக்கும் மலையின் உச்சிக்கு என்னோடு ஏற வேண்டும். போய்வரப் பதின்மூன்று மைல்.

அதற்கு முன் இரண்டு தடவை போய்ப் பாதியில் திரும்பியிருந்தோம். முதல் தடவை நான் இட்லி வேகவைத்துக் கட்டிக் கிளம்பும்போதே மணி பத்து. இரண்டாவது தடவை நடுவழியில் ஒரு ஓக் மரத்தடியில் பிரியாணியைப் பிரித்தோம். சாப்பிட்டுப் படுத்தேன். எழுந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

"இந்த டைமும் டர்ன் பேக் பண்ணா, நான் ஃப்ரெண்ட்ஸோட போய்க்கிறேன்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

மூன்றாவது தடவைக்கு அவளே திட்டம் போட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். வீட்டிலிருந்து ஐந்தரை. ஏற ஆரம்பிப்பது ஏழரை. ஓக் மரம் பதினொன்றரை. மதியம் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். இருட்டுவதற்குள் பார்க் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்தாள்.

"பதினஞ்சு நிமிஷத்துல என்ன சாப்பிடறது?"

"எனர்ஜி பார்தான்பா. நடந்துட்டே சாப்பிடலாம்."

"மாடுதான் நடந்துட்டே திங்கும்."

"மாடு கூட உக்காந்துதாங்க அசை போடும்," என்றாள் மனைவி. அவளுக்கு முட்டி வலி. இந்தத் தடவை வரவில்லை. ஆனால் எல்லாப் பேச்சிலும் இருந்தாள்.

நான் ஒரு மணி நேரம் கேட்டேன். மகள் இருபது என்றாள். இழுத்து இழுத்து நாற்பத்தைந்தில் நின்றது. சிவப்புப் பேனாவால் எழுதினாள்.

பழக்கத்துக்காக இரண்டு வாரம் இருபது பவுண்டு அரிசி மூட்டையைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறி இறங்கினேன். மூன்று மாடி. கீழ்வீட்டு குஜராத்தி அம்மா ஒருநாள் என்னை நிறுத்தி, லிஃப்ட் இருக்கிறது என்று கையைக் காட்டினார். தெரியும் என்று தலையாட்டிவிட்டு மறுபடி ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை முடிந்து வந்து புளியோதரை கிளறினேன். இரண்டு பேருக்கு ஆறு லிட்டர் தண்ணீர். மகள் பையைத் தராசில் வைத்துப் பார்த்து ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்தாள். எவர்சில்வர் தூக்கையும் எடுத்தாள். புளியோதரை பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போனது.

அப்போது மனைவி காலண்டரைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை ஏழரை ஒம்பது ராகு காலம். மலை ஏறற நேரமா அது?"

"அம்மா, பார்க்கிங் ஃபுல் ஆயிடும்."

"அப்ப பரஸ்தானம் வச்சிருங்க."

நல்ல நேரத்தில் பையைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் அப்போதே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ராகு ஒன்றும் செய்ய மாட்டார். பையைத் திரும்ப வீட்டுக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது. மகள் என்னைப் பார்த்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர் மதுரைக்காரர், சாஃப்ட்வேர் வேலை. "காலைல அஞ்சுக்கெல்லாம் முழிச்சிருவேன் சார், கவலையே படாதீங்க," என்றார்.

காலை ஐந்தரைக்கு அவர் கதவைத் தட்டினோம். சத்தமில்லை. போன் போட்டோம். அணைத்து வைத்திருந்தார். மகள் வாட்சைப் பார்த்தாள். தண்ணீர் முழுக்க அந்தப் பையில். பெல்லை அழுத்திக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடம் கழித்து லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"சாரி சார், மேட்ச் பாத்துட்டு படுத்தேன். இந்தாங்க. வீட்ல கொஞ்சம் லெமன் ரைஸும் வச்சிருக்காங்க."

பை முன்னைவிடக் கனத்தது.

"நான் கேக்கலம்மா," என்றேன் மகளிடம்.

இருபது நிமிடம் தாமதம் என்பதால் பார்க்கிங் நிரம்பிவிட்டது. கீழே தூரத்தில் இன்னொரு இடத்தில் காரை விட்டு அங்கிருந்து நடந்தோம். ஏற ஆரம்பித்தபோது மணி எட்டு பத்து. நல்ல ராகு காலம்.

செங்குத்து. மூட்டை தூக்கியது உதவியது. ஓக் மரத்துக்கு வந்தபோது பன்னிரண்டு பத்து. போன தடவை நான் படுத்த அதே மரம்.

மகள் கீழே உட்கார்ந்தாள். வியர்வையைத் துடைத்தாள்.

"ஓகேப்பா. சாப்பிட்டு ரிட்டர்ன் போலாம். இட்ஸ் ஃபைன்." பையின் ஜிப்பை இழுத்தாள்.

நான் பைமேல் கையை வைத்தேன்.

"மேல போக எவ்ளோ நேரம்?"

"ஃபார்ட்டி ஃபைவ் மினிட்ஸ்."

"சாப்பாட்டுக்கு எவ்ளோ போட்டிருக்க?"

ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அத எடுத்துக்க. சாப்பாடு கீழ போய். எந்திரி."

"அப்பா, சீரியஸா?"

"அந்த பார் எங்க?"

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பாகு பதம் தவறிய கடலை உருண்டை மாதிரி இருந்தது. மோசமில்லை. மென்றுகொண்டே ஏறினேன்.

"நடந்துட்டே சாப்பிடறப்பா," என்றாள் பின்னாலிருந்து. "மூ."

மாடு கத்துவது இங்கே அப்படித்தானாம்.

உச்சியில் கால் வைத்தபோது பன்னிரண்டு ஐம்பது. ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் மேலும் மலை. காற்று சட்டையைப் பிடுங்கியது. மகள் ஒரு பாறைமேல் ஏறி நின்று கையை விரித்தாள். என்னையும் கூப்பிட்டாள். ஏறி நின்றேன். போட்டோ எடுத்தாள். அதில் நான் முறைத்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். முறைக்கவில்லை.

அங்கே சிக்னல் கிடைத்தது. உடனே மனைவியின் போன்.

"சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல."



"ஏங்க, உடம்புக்கு என்ன?"

மகள் பாறையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு மணிக்குத் திரும்பினோம். அது அவள் சட்டம். காருக்கு வந்தபோது ஐந்தாகிவிட்டது. டிக்கியைத் திறந்து வைத்து அதிலேயே உட்கார்ந்தோம். முதல் நாள் கிளறிய புளியோதரை நன்றாக ஊறியிருந்தது. லெமன் ரைஸும் நன்றாகத்தான் இருந்தது. உப்பு ஒரு பொட்டு தூக்கல்.

"இப்ப எவ்ளோ நேரம் சாப்பாட்டுக்கு?" என்று கேட்டேன்.

"ஒன் அவர் எடுத்துக்கோப்பா."

இருபது நிமிடத்தில் இரண்டு டப்பாவும் காலி.