ஸ்பீடா வந்த தண்ணீர்த் தொட்டி

கேளம்பாக்கத்தில் எங்கள் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து என் மனைவி ஆங்கில இலக்கணம் படிக்கிறாள். ஆசிரியர் தேர்வு எழுதப்போகிறாள்.

“வினைச்சொல்லப் புடிச்சி எப்படி, எப்போ, எங்கன்னு கேளுங்க. வர்ற பதில்தான் அட்வெர்ப். கேட்ட கேள்விதான் அதோட வகை” என்றாள்.

அப்போது தண்ணீர்த் தொட்டிக்குச் சொல்லிவைத்தவர் வந்து நின்றார். நாளை அவருக்குக் கிரகப்பிரவேசம். தொட்டி வராவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார்.

தொட்டியை ஏற்றிவரும் வண்டி டிரைவருக்கு போன் போட்டேன்.

“ஸ்பீடா வந்துகினு கீறேன் அண்ணாத்த!”

மனைவி சிரித்தாள். “அது ‘எப்படி’க்குப் பதில். ‘எங்க’ன்னு கேளுங்க.”

கேட்டேன்.

“இங்கதான்... திருக்கழுக்குன்றத்துல நாஸ்தா துன்னுகினு கீறேன்.”

அங்கிருந்து இங்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். “மத்தியானம்தான் வரும் சார்” என்று வந்தவரிடம் உள்ளதைச் சொன்னேன்.

“தெளிவா சொன்னீங்க, அப்பவே வர்றேன்” என்று போனார்.

எப்படி வருகிறாய் என்று எந்த டிரைவரையும் நான் கேட்டதே இல்லை. எல்லோரும் அதை மட்டும்தான் சொல்கிறார்கள். உங்கள் டிரைவர் எந்த வகை?