எண் இல்லாத பதினேழு குழிகள்

சரளாவுக்கு வயது முப்பத்தாறு. மலேசியாவின் ஈப்போவில் ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் இணையத்தளங்களைப் பழுது பார்க்கிறார். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய முத்தம்மாவின் மகள். அதே தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது தோட்டத்து எழுத்தராக, முப்பத்தோர் ஆண்டு பதிவேடு எழுதினேன்.

தோட்டம் வீடமைப்புக்குப் போய்விட்டது. இடுகாட்டில் இருக்கும் 214 பேரையும் செப்டம்பர் 30க்குள் வேறிடம் மாற்ற வேண்டும். பட்டியலில் எண் உள்ள குழிகளை மட்டும் தோண்டுவார்கள். மற்றவை வீடுகளுக்கு அடியில் போகும். அந்தப் பட்டியலை என் பதிவேட்டிலிருந்து சரளாவின் நிறுவனத்தார் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்.

செப்டம்பர் 4, காலை 10.20. நான்காம் பக்கத்தின் உச்சியில் ஓர் எச்சரிக்கை: குழி எண்ணை வைக்க நிரலில் ஒதுக்கிய மாறிக்கு மதிப்பே கொடுக்கப்படவில்லை.

“ஒரே ஒரு வரிதான்லா. தெரியாம மறைச்சிரு. நாளைக்கு இடுகாட்டுக் கமிட்டி பாக்க வருது,” என்றார் முதலாளி தர்மேந்திரன்.

“குரைக்கிற நாய் வாயக் கட்டுனா திருடன் போயிருவானா பாஸ்?”

சரளா நிரலை வரி வரியாகப் படித்தார். எண் இருந்தால் எடுத்துக்கொள் என்று இருந்தது. இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இல்லை. பக்கத்தின் முதல் ஆளுக்கு எண் இல்லையென்றால்தான் எச்சரிக்கை வரும். நடுவில் இருப்பவருக்கு இல்லையென்றால் சத்தமே இராது. மேலே உள்ளவரின் எண்ணே இவருக்கும் விழும்.

எனக்கு அழைத்தார். “கிராணி ஐயா, உங்க பதிவேட்டுல எத்தனை பேருக்கு நம்பர் இல்ல?”

“பதினேழு. கல்லு விழுந்துபோன குழிங்க. தெரியாதத நான் எழுதுனதில்ல.”

“இங்க ஒருத்தருக்குத்தான் காலி ஐயா. மிச்சப் பதினாறு பேரும் பக்கத்து வீட்டுல குடியிருக்காங்க.”

ஒவ்வோர் ஆளையும் எடுக்கும்போதே எண்ணை வெறுமையாக்கும் ஒரு வரியைச் சேர்த்தார். பதினேழு இடத்திலும் ‘தெரியவில்லை’ என்று வந்தது.

“மானம் போயிரும். பழையபடி மாத்து,” என்றார் தர்மேந்திரன்.

“மாத்தமாட்டேன். வேணும்னா என்னை மாத்துங்க பாஸ்.”

மறுநாள் கனகராஜ் என்பவர் கோபமாக அழைத்தார். “நேத்து எங்கம்மா செல்லாயிக்கு 112. இன்னைக்குத் தெரியலையா? விளையாடுறீங்களா?”

“அண்ணே, 112 ராமையா தாத்தா குழி. அம்மா குழிய நீங்கதான் காட்டணும்.”

“பலா மரத்துக்குக் கீழ... நம்பர் இருக்கேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்.”

செப்டம்பர் 21, காலை 8.40க்குப் பலா மரத்தடியில் தோண்டினார்கள். தாயின் செம்பு வளையலைக் கனகராஜ் அடையாளம் காட்டினார்.

பதினேழில் பதினைந்து கிடைத்துவிட்டன. மீதி இரண்டுக்காகக் கெடுவை நீட்டக் கேட்டு, சரளா தம் பெயரிலேயே மனு கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு ‘தெரியவில்லை’யும் தளத்தில் அப்படியே இருக்கின்றன. யாரையும் அவர் தொட விடவில்லை.